வழிநூலும் வழிப்பெட்டியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஓர் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் தொடர்வண்டிப் பெட்டிகளைப் பற்றி, அதுவும் மேசைமேல் ஓடும் சிற்றுருப் பெட்டிகளைப் பற்றி, ஓர் உரை இடம்பெறுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். கட்டுமாவடியில் இருப்புப்பாதையும் இல்லை. பாக் நீரிணையின் கரையில், புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையின் வடக்கு எல்லையை ஒட்டி அமைந்த இவ்வூருக்கு அண்மை நிலையங்கள் பேராவூரணியும் அறந்தாங்கியுமே. ஆயினும், கடையில் விற்கும் பெட்டியொன்றை அறுத்தும் ஒட்டியும் வேறொரு வகைப் பெட்டியாக மாற்றும் கைத்தொழிலுக்குத் தமிழ் இலக்கண மரபில் ஒரு பெயர் உண்டு என்பதும், அத்தொழில் இவ்வட்டாரத்திற்கு ஒரு கடமையைச் சுட்டுகிறது என்பதும் இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கன.

ஊரும் பாதையும்

மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894இல் திறக்கப்பட்ட மீட்டர் பாதை, தஞ்சை ஜில்லா போர்டு மக்களிடம் தண்டிய வரியைக் கொண்டு அமைத்தது. அப்பாதை பட்டுக்கோட்டை வழியாக நீண்டு 1903இல் அறந்தாங்கியை எட்டியது. நாடு விடுதலை பெற்ற பின்னரே அது காரைக்குடியோடு இணைந்தது. சென்னை எழும்பூரிலிருந்து இவ்வழியே காரைக்குடிக்கு ஓடிய விரைவு வண்டி 'கம்பன்' என்னும் பெயரைத் தாங்கியிருந்தது. ஒரு புலவன் பெயரால் வண்டி விட்ட நாடு என்று பெருமை கொள்ள இவ்வட்டாரத்தார்க்கு உரிமை உண்டு.

திருவாரூர் - காரைக்குடி மீட்டர் பாதையில் வண்டிகள் 2012இல் நின்றன. காரைக்குடி முதல் பட்டுக்கோட்டை வரை 2018இலும், பட்டுக்கோட்டை முதல் திருவாரூர் வரை 2019இலும் அகலப்பாதை திறக்கப்பட்டது. பாதை மீண்டும் வந்தது. முன்பு அதில் ஓடிய பெட்டிகள் மீளவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் இவ்வட்டார மக்களைச் சுமந்த அப்பெட்டிகளைச் சிற்றுருவாகவேனும் காண விரும்பும் ஒருவர்க்குக் கடையில் வாங்க எதுவும் இல்லை. பிறர் வேறொரு நாட்டுப் பாதைக்காகச் செய்த பெட்டியை வாங்கி, அதிலிருந்தே தமக்கு வேண்டிய பெட்டியை அவர் உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூன்றாக வகுப்பது நன்னூல். முன்னோர் நூலின் முடிபை ஏற்று, வேண்டும் வேறுபாட்டைச் செய்வது வழிநூல். அவ்வாறே, முன்னொருவர் செய்த பெட்டியின் அமைப்பை ஏற்று வேண்டும் வேறுபாட்டைச் செய்தமைப்பதை 'வழிப்பெட்டி' எனலாம். வான்மீகியின் காதையைத் தமிழில் வழிநூலாக்கிய கம்பன் பெயர் தாங்கிய வண்டிக்கு வழிப்பெட்டிகள் வேண்டியிருப்பது பொருத்தமே.

அளவு என்னும் யாப்பு

பாதையும் வண்டியும் சேர்ந்த தொகுதியாக விளையாட்டு இரயில்களை ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891இல் லைப்சிக் சந்தையில் வைத்தது. இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹார்ன்பியின் இரயில்கள் 1920இல் வந்தன. தொடக்கத்தில் அவை தகரத்தால் ஆன விளையாட்டுப் பொருள்கள். இரயிலைப் போன்ற தோற்றம் இருந்தாலே போதும் என்ற நிலை. பின்னர் அளவு நுழைந்தது. உலகெங்கும் பரவலாக வழங்கும் 'எச்.ஓ.' என்னும் அளவில் மெய்ப்பெட்டியின் 87 மில்லிமீட்டர் சிற்றுருவில் 1 மில்லிமீட்டர் ஆகும்.

இந்த ஒரு விதியிலிருந்து மற்றவை எல்லாம் கணக்காகப் பிறக்கின்றன. பெரம்பூரில் செய்யப்பட்ட அகலப்பாதைப் பெட்டியின் உடல் நீளம் 21.337 மீட்டர், அகலம் 3.245 மீட்டர். சிற்றுருவில் அவை ஏறத்தாழ 245 மி.மீ., 37 மி.மீ. என்றாகும். மீட்டர் பாதைப் பெட்டியோ ஏறத்தாழ 64 அடி நீளமும் 9 அடி அகலமும் உடையது. சிற்றுருவில் 224 மி.மீ., 31.5 மி.மீ. ஆகவே அகலப்பாதைப் பெட்டியின் சிற்றுருவை மீட்டர் பாதைப் பெட்டியாக்க முனைபவர் நீளத்தில் 21 மி.மீ. குறைத்தல் எளிது, அகலத்தில் ஏறத்தாழ 6 மி.மீ. குறைத்தலே இடர். நீளத்தைக் குறைக்கக் குறுக்கே அறுத்தால் போதும். அகலத்தைக் குறைக்கக் கூரை, தளம், முன்பின் சுவர்கள் ஆகிய அனைத்தையும் நெடுக்கே பிளக்க வேண்டும். கூரையின் வளைவும் கெடும்.

பாதைக்கும் இக்கணக்கு உண்டு. எச்.ஓ. அளவில் கடைகளில் விற்கும் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. அது 1,435 மி.மீ. கொண்ட மேலைநாட்டுப் பொதுப்பாதைக்குப் பொருந்தும். இந்திய அகலப்பாதையின் 1,676 மி.மீ. அதே அளவில் 19 மி.மீ.க்குச் சற்று மேல் வரும். ஆகையால் கடைத் தண்டவாளத்தின்மேல் இந்திய அகலப்பாதைப் பெட்டியை நிறுத்தினால், பரந்த மார்புடையார் ஒடுங்கிய கால்களில் நிற்பது போன்ற தோற்றமே கிடைக்கும். தளை தட்டுவதைக் கேட்ட அளவில் உணரும் செவியுடையார் இவ்வவையில் பலர். சிற்றுருத் தொழிலில் அவ்வுணர்வு கண்ணுக்கு வேண்டும்.

எங்கே வெட்டுவது?

வழிப்பெட்டி செய்வார் முதலில் கத்தியை எடுப்பதில்லை. படங்களையும் அளவுகளையும் எடுக்கின்றனர். வாங்கிய பெட்டியின் கூரை, உடல், அடிச்சட்டம், சக்கரத் தொகுதிகள் ஆகியவை தனித்தனியே கழற்றப்படும். கண்ணாடிக்கு மாற்றாக உள்ளே பொருத்திய தெளிந்த தகடுகள் உருவப்படும். பிறகே வெட்டுமிடம் குறிக்கப்படும்.

இத்தொழிலின் நுட்பம் முழுதும் வெட்டுமிடத்தைத் தேர்வதில் அடங்கும் எனலாம். சன்னலின் நடுவில் வெட்டினால் எவ்வளவு தேய்த்தாலும் தழும்பு தெரியும். கதவின் ஓரத்திலோ, பலகைகள் கூடும் விளிம்புப் பட்டையை ஒட்டியோ வெட்டினால் அப்பட்டையே இணைப்பை மறைத்துவிடும். செய்யுளைச் சீரின் நடுவே பிளவாமல் சீர் முடிந்த இடத்தில் பிரிப்பதை இதனோடு ஒப்பிடலாம். பெட்டியிலும் அறை என்பது ஓர் அலகு. கதவும் அதன் இருபுறச் சன்னல்களும் சேர்ந்தே இடம்பெயர வேண்டும்.

வாளும் சிறிது தின்னும். நுண்பல் இரம்பத்தின் ஒரு வெட்டு கால் மில்லிமீட்டர் தின்றால், மெய்ப்பெட்டிக் கணக்கில் அது இரண்டு சென்டிமீட்டருக்கு மேல். நான்கு வெட்டுகளில் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் காணாமற்போகும். எனவே வேண்டாத பகுதியின் பக்கமாகவே வெட்டிக் கோடுவரை அரத்தால் தேய்த்து வருவர். சமமான கண்ணாடிப் பலகைமேல் உப்புத்தாளை விரித்து, வெட்டுமுனையை அதன்மேல் செங்குத்தாக நிறுத்தித் தேய்த்தால் முனை நேராகும். பாலிஸ்டைரீன் என்னும் நெகிழியாலான பெட்டிகளுக்குப் பசை தேவையில்லை. அந்நெகிழியைக் கரைக்கும் நீர்மத்தைத் தூரிகையால் இணைப்பில் தொட்டால், இரு முனைகளும் இளகி ஒன்றாகி இறுகும். வேண்டாத சன்னல்களை அதே தடிமனுள்ள நெகிழித் தகட்டால் அடைத்துப் பட்டி பார்த்து மீண்டும் தேய்ப்பர். சுவருக்கும் மோட்டார் வண்டிக்கும் பட்டி பார்ப்போர் அறிந்த முறையே இது.

உடலை மாற்றியபின் கூரையை மறந்துவிடுதல் தொடக்கநிலையாளரிடம் காணப்படும் குறை. கூரையிலுள்ள காற்றுப்போக்கிகள் அறைகளுக்கு நேர்மேலே அமைந்தவை. அறை இடம்பெயர்ந்தால் அவையும் இடம்பெயர வேண்டும். கழிவறை நீங்கினால் அதன்மேல் தண்ணீர்த்தொட்டி இருத்தல் ஆகாது. அடிச்சட்டத்தின் மின்கலப் பெட்டியும் தடை உருளையும் அவ்வாறே. ஓர் அடியில் ஒரு சொல்லை மாற்றினால் எதுகை எழும்பிய இடமெல்லாம் சென்று பார்க்க வேண்டியிருப்பதைக் கவிஞர்கள் அறிவர்.

நால்வகை மாற்றம்

தொல்காப்பியம் வழிநூலைத் தொகை, விரி, தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்தும். சிற்றுருப் பெட்டிகளில் செய்யும் மாற்றங்களும் இந்நான்கனுள் அடங்குவது வியப்பளிப்பதாகும்.

நீண்ட பெட்டியில் ஓர் அறையையோ இரண்டையோ நீக்கிக் குறும்பெட்டி ஆக்குதல் தொகை. இரு பெட்டிகளின் பகுதிகளை இணைத்து நெடும்பெட்டி ஆக்குதல் விரி. ஒரு பெட்டியின் ஒரு பகுதியைச் சுருக்கி மறுபகுதியை விரித்து வேறு வகையாக்குதல் தொகைவிரி.

தொகைவிரிக்கு இந்தியப் பெட்டியிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. பயணிகள் பகுதி, சரக்கறை, கார்டு அறை மூன்றும் ஒருங்கே அமைந்த பெட்டி எஸ்.எல்.ஆர். எனப்படும். பொது இரண்டாம் வகுப்புப் பெட்டி ஒன்றை வாங்கியவர், அதன் ஒரு பகுதியில் இருக்கைகளை நிறுத்தி, மறுபகுதியில் சன்னல்களை அடைத்து, அகன்ற சரக்குக் கதவையும் கார்டின் கதவையும் அமைத்தால் எஸ்.எல்.ஆர். பெட்டி கிடைக்கும். அத்துடன் பணி முடிவதில்லை. ஐந்திலக்கப் பெட்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டைக் குறிப்பன. கடைசி மூன்று வகையைக் குறிப்பன. பொதுப் பெட்டிக்கு 401 முதல் 600 வரையும், எஸ்.எல்.ஆர். பெட்டிக்கு 701 முதல் 800 வரையும் உரியவை. உடலை மாற்றி எண்ணை மாற்றாவிட்டால், வெண்பாவை எழுதி ஆசிரியப்பா என்று தலைப்பிட்ட கதையாகும்.

மேலைநாட்டில் இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற பெட்டிகளுள் ஒன்று, இங்கிலாந்தின் ட்ரையாங் நிறுவனம் 1960களில் வெளியிட்ட கிரேட் வெஸ்டர்ன் இருப்புப்பாதையின் மாடக்கூரைப் பெட்டி. கூரையின் நடுவே நெடுக உயர்ந்த மாடமும் அதன் பக்கங்களில் சிறு சன்னல்களும் கொண்ட பழங்காலப் பெட்டி அது. பயணிகள் பெட்டி ஒன்று, கார்டு அறையுள்ள பெட்டி ஒன்று என இருவகையே கடைக்கு வந்தன. அவ்விரண்டையும் அறுத்து மாற்றி இணைத்தே சிற்றுருத் தொழிலாளர் பலவகைப் பெட்டிகளைப் படைத்துள்ளனர். அவர்கள் கண்டுணர்ந்த செய்தி ஒன்று சுவையானது. முதல் வகுப்பு அறை அகலமானது. மூன்றாம் வகுப்பு அறை ஒடுங்கியது. ஆகவே முதல் வகுப்புப் பகுதிக்கு வண்ணத்தையும் எழுத்தையும் மாற்றி மூன்றாம் வகுப்பு என்று காட்ட இயலாது. சன்னல்களின் இடைவெளியே உள்ளே அமர்ந்தவரின் வகுப்பைச் சொல்லிவிடும். சமுதாய ஏற்றத்தாழ்வு வெளிச்சுவரின் அளவிலேயே பதிந்திருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நான்காவதாகிய மொழிபெயர்ப்பே இவ்வட்டாரத்திற்குப் பயன்படுவது. சுவிட்சர்லாந்தின் ரேஷியன் இருப்புப்பாதை மீட்டர் பாதையாகும். அதன் பெட்டிகளை பெமோ என்னும் ஜெர்மானிய நிறுவனம் எச்.ஓ. அளவில், 12 மி.மீ. தண்டவாளத்திற்கு ஏற்பச் செய்துள்ளது. மெய்யான மீட்டர் பாதை அவ்வளவில் 11.5 மி.மீ. ஆதலின் வேறுபாடு மிகச் சிறிது. அத்தகைய பெட்டியின் சக்கரத் தொகுதிகளையும் இணைப்பையும் வைத்துக்கொண்டு, அதன்மேல் தமிழ்நாட்டுப் பெட்டியின் உடலைத் தகட்டால் கட்டியெழுப்பலாம். அங்கே கம்பியற்ற அகன்ற சன்னல். இங்கே கம்பியிட்ட சன்னல். அங்கே குளிருக்கு அடைத்த கூரை. இங்கே வெயிலுக்குக் காற்றுப்போக்கி. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் கெடும் என்பது இங்கும் விதி.

பெரம்பூர்ப் பெட்டியே ஒரு மொழிபெயர்ப்பு என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1955 அக்டோபர் 2ஆம் நாள் நேருவால் தொடங்கிவைக்கப்பட்ட பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, சுவிட்சர்லாந்தின் ஷ்லீரென் நிறுவனத்தின் வடிவமைப்பைக் கொண்டே பெட்டி செய்யத் தொடங்கியது. அவ்வடிவத்தை இந்தியப் பாதைக்கும் கூட்டத்திற்கும் வெயிலுக்கும் ஏற்ப அமைத்து, 2018 சனவரி வரை அவ்வகைப் பெட்டிகளை அது செய்து வந்தது.

மெய்ப்பெட்டிகளின் மாற்றம்

சிற்றுருவில் நிகழ்வது விளையாட்டு என்று எவரேனும் கருதினால், மெய்யான இருப்புப்பாதையே இதனைச் செய்து வருவதைக் காட்டலாம். 1974இல் இந்தியாவில் மூன்றாம் வகுப்பு நீக்கப்பட்டது. அப்பெட்டிகள் இரண்டாம் வகுப்பு என்னும் பெயரைப் பெற்றன. பெயர் மாறினும் மரப்பலகை மாறவில்லை. 1977இல் இரயில்வே அமைச்சரான மது தண்டவதே காலத்தில்தான் இரண்டாம் வகுப்புப் படுக்கைகளுக்கு இரண்டு அங்குல நுரைமெத்தை வரத் தொடங்கியது. சுவரின் எழுத்தை மாற்றுவது ஒரு மாற்றம். உட்காருபவர் உணர்வது வேறொரு மாற்றம்.

பயணிகளைச் சுமந்து வயது முதிர்ந்த பெட்டிகள் இருக்கைகளும் விளக்குகளும் நீக்கப்பட்டு, சன்னல்கள் தகட்டால் அடைக்கப்பட்டு, முனைகளில் கதவு பெற்று, மோட்டார் கார்களை ஏற்றிச் செல்லும் சரக்குப் பெட்டிகளாகின்றன. 1991 சூலையில் மும்பையிலிருந்து புறப்பட்ட 'லைஃப்லைன் எக்ஸ்பிரஸ்', இருப்புப்பாதைத் துறை அளித்த பெட்டிகளை அறுவை அரங்குகளாக்கி மருத்துவமனையற்ற சிற்றூர்களுக்குச் சென்றது. 2020இல் கொரோனா பெருந்தொற்றின்போது 5,000க்கும் மேற்பட்ட பெட்டிகள் தனிமை மருத்துவ அறைகளாக மாற்றப்பட்டன. நடுப்படுக்கை கழற்றப்பட்டது, கழிவறை ஒன்று குளியலறையாயிற்று, சன்னல்கள் கொசுவலை பெற்றன, பிராணவாயு உருளைக்கு இடம் அமைக்கப்பட்டது. இவை எல்லாவற்றிலும் அடிச்சட்டமும் சக்கரமும் மாறவில்லை. எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்று அறிந்தவரே மாற்றத் தகுதியுடையவர்.

சான்றும் ஊகமும்

வழிப்பெட்டித் தொழிலில் இருவேறு கருத்தினர் உண்டு. மூன்றடி தொலைவிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு உரிய பெட்டி என்று தோன்றினால் போதும் என்பார் ஒருசாரார். ஒவ்வோர் ஆணியும் உரிய இடத்தில் இருக்க வேண்டும் என்பார் மறுசாரார். மெய்ப்பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்குமாயின் முதற்கருத்தில் தீங்கில்லை. ஐயமுற்றவர் நிலையத்திற்குச் சென்று பார்த்துக்கொள்வார். மெய்ப்பெட்டி மறைந்த பின்னரோ நிலை வேறு. சிற்றுருவைப் பார்ப்பவர் அதனையே சான்றாகக் கொள்வார். ஊகத்தால் அமைத்த ஒரு சன்னல் இருபது ஆண்டுகளில் வரலாறாகிவிடும்.

தமிழுலகம் இச்சிக்கலை முன்பே கண்டு வழியும் கண்டிருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தது முதல், ஏடுதோறும் வேறுபட்ட பாடங்களை ஒப்பிட்டுக் குறித்தார். சிதைந்த இடங்களைத் தாமே புனைந்து நிரப்பவில்லை. சிற்றுருத் தொழிலாளர்க்கும் அந்நெறியே பொருந்தும். முடித்த பெட்டியின் அடியில் சிறு தாளொன்றை ஒட்டி, எந்தப் பெட்டியிலிருந்து மாற்றியது, எந்த அளவு படத்திலிருந்து எடுத்தது, எது பிறர் நினைவிலிருந்து கேட்டது, எது ஊகம் என்று எழுதி வைக்கலாம். அத்தாள் இல்லாத பெட்டி எத்துணை அழகியதாயினும் விளையாட்டுப் பொருளே. அத்தாள் உள்ள பெட்டி ஆவணம்.

புணேயில் ஜோஷி அவர்களின் சிற்றுரு இரயில் அருங்காட்சியகம் 1998 முதல் பொதுமக்களைக் கவர்ந்து வருகிறது. சென்னையில் பெரம்பூர்த் தொழிற்சாலையைச் சார்ந்த இரயில் அருங்காட்சியகம் 2002இல் திறக்கப்பட்டது. தனித்தனிப் பாதைகளின் பெட்டிகளைச் சிற்றுருவில் காக்கும் பணி அந்தந்த வட்டாரத்தார் செய்யாமல் நிறைவேறாது. திருவாரூர் - காரைக்குடிப் பாதையின் பெட்டியைச் செங்கல் நிறத்தில் கண்டவர், 1990களில் நீலம் பரவியபின் கண்டவர் என இருசாராரும் இன்றும் வாழ்கின்றனர்.

வேண்டுகோள்

பத்தாண்டுகள் தொடர்ந்து கூடிக் கவிதை படித்த வட்டத்திற்கு நினைவின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இம்மலரைப் படிக்கும் உறுப்பினர் ஒவ்வொருவர் வீட்டிலும் அப்பாதையில் பயணம் செய்த பெரியவர் ஒருவர் இருத்தல் கூடும். அவரிடம் பொதுவாக, "அந்தக் காலத்து இரயில் எப்படி இருந்தது?" என்று கேட்டால், "நன்றாக இருந்தது" என்ற விடையே வரும். கேட்க வேண்டிய வினாக்கள் நுட்பமானவை. பெட்டிக்குக் கதவுகள் எத்தனை? சன்னல் கம்பிகள் குறுக்காக இருந்தனவா, நெடுக்காக இருந்தனவா? இருக்கை மரச்சட்டங்களால் ஆனதா, முழுப்பலகையா? பெண்கள் பெட்டி வண்டியின் எப்பகுதியில் இருந்தது? கூடையையும் சாக்கையும் எங்கே வைத்தனர்? கார்டு எந்தப் பக்கத்திலிருந்து கொடி காட்டினார்? மணப்பந்தலில் எடுத்த புகைப்படம் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. நிலைய மேடையில் எடுத்த படம் ஒன்றேனும் ஏதோ ஒரு வீட்டுப் பெட்டியில் கிடக்கலாம். அதன் பின்னணியில் தெரியும் அரைச்சன்னல்கூட, அளக்கத் தெரிந்தவர்க்கு ஒரு பெட்டியின் நீளத்தைச் சொல்லிவிடும்.

கவிஞர்கள் அவ்விடைகளைக் கவிதையில் வைக்கலாம். கைத்திறன் உடைய இளைஞர் நெகிழித் தகட்டில் வைக்கலாம். இருவர்க்கும் முதல் தேவை, விடைகள் நாள், ஊர், சொன்னவரின் வயது ஆகியவற்றோடு எழுத்தில் பதிவாதல். வட்டத்தின் குறிப்பேட்டில் இதற்கெனச் சில பக்கங்களை இவ்வாண்டே ஒதுக்கினால், கம்பன் வண்டியின் ஒரு பெட்டியேனும் ஊகம் குறைந்ததாய், சான்று நிறைந்ததாய் மேசைமேல் ஓடும் காலம் வரும். அவ்வண்டிக்கு வேண்டிய அளவுகள் இன்று முதியோர் நினைவில் உள்ளன. அவற்றைக் கேட்டு வாங்கும் பொறுப்பை ஏற்குமாறு இந்த அவை வேண்டிக்கொள்ளப்படுகிறது.

வட்டம் வாழ்க, அதன் பணி வளர்க.